நூபியாவும் நாகார்ஜுனகொண்டாவும்: இரண்டு அணைகள், இரண்டு மீட்புகள்

எகிப்து என்றதும் நம் பாடப்புத்தகங்கள் பிரமிடுகளோடு நின்றுவிடுகின்றன. அந்நாட்டின் தெற்கே, அசுவானில் தொடங்கி சூடானுக்குள் நீளும் நைல் கரைப்பகுதிக்கு நூபியா என்று பெயர். கோயில்களும் கல்லறைகளும் உயிருள்ள ஊர்களும் நெருங்கியிருந்த அந்த நிலம் 1960களில் அசுவான் பேரணையின் நீருக்குள் போனது. அதே ஆண்டுகளில் ஆந்திரத்தில், கிருஷ்ணை ஆற்றங்கரையின் நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கும் நாகார்ஜுனசாகர் அணையின் அடியில் மறைந்தது. இரு நாடுகளுமே மூழ்குவதற்கு முன் தம் மரபைக் காப்பாற்ற முனைந்தன. ஆனால் முனைந்த விதம் வேறு, கிடைத்த புகழும் வேறு. ஏன் மூழ்கடித்தார்கள், எதை எப்படி மீட்டார்கள், அங்கே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கொண்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நான் வசிக்கும் மும்பை அணுசக்தி நகரும் அந்தக் காலத்தின் நம்பிக்கையில் பிறந்ததுதான். 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் ‘அப்சரா’ அணு உலை இயங்கத் தொடங்கியது. அந்த அணுசக்திப் பணியை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் பல. டிராம்பே கரைக்கு எதிரே கடலில் எலிபெண்டா தீவு தெரியும். புதிய அறிவியலும் பழைய குடைவரையும் எதிரெதிரே நிற்கும் இந்த ஊரில் இருந்துகொண்டு, அணை கட்டியவர்களை எளிதாகக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் விட்டுவைத்த கணக்கை மறக்கவும் மனம் வராது.

ஒரே கனவு, இரு ஆறுகள்

1955 டிசம்பர் 10 அன்று நாகார்ஜுனசாகருக்கு அடிக்கல் நாட்டிய நேரு, அதை ஒரு புனிதச் சடங்காகவே கருதினார். பஞ்சத்துக்கு அஞ்சிய நிலங்களுக்குத் தண்ணீரும் வளரும் தொழில்களுக்கு மின்சாரமும் தேவைப்பட்ட காலம் அது. எகிப்து அதிபர் நாசருக்கு அசுவான் அணை இன்னும் பெரிய பொருள் தந்தது. 1956 ஜூலையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் வாக்குறுதியைத் திரும்பப் பெற்றதும், அவர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிறகு சோவியத் உதவியோடு 1960 ஜனவரியில் தொடங்கிய அணை 1970இல் முடிந்தது. அணிசேராக் கொள்கையில் தோளோடு தோள் நின்ற இரு தலைவர்களும் தம் மக்களுக்குச் சோறு போடுவதற்காகவே ஆற்றை மறித்தார்கள்.

நூபியாவுக்கு இது முதல் வெள்ளமல்ல என்பது ஒரு வேறுபாடு. 1902இல் பிரிட்டிஷ் ஆட்சியில் கட்டிய பழைய அசுவான் அணையை 1912இலும் 1933இலும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் நூபியர்களின் வயலும் வீடும் நீருக்குள் போயின. ஃபிலே தீவின் இசிஸ் கோயில் ஆண்டின் பல மாதங்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றது. நாகார்ஜுனகொண்டாவுக்கோ முதல் வெள்ளமே முழு வெள்ளமாக வந்தது.

மீட்ட முறை

எகிப்தின் பண்பாட்டு அமைச்சர் தர்வத் ஒகாஷா 1959இல் யுனெஸ்கோவின் உதவியைக் கோரினார். பிரெஞ்சு எகிப்தியலாளர் கிறிஸ்தியான் தெரோஷ் நோபிள்கூர் அதற்காக ஓயாமல் உழைத்தார். 1960 மார்ச் 8 அன்று உலக நாடுகளுக்கு வேண்டுகோள் வெளியானது. ஒரு நாட்டின் கோயில் உலகத்தின் பொறுப்பாக மாறிய நாள் அது.

எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸ் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து எழுப்பிய அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெருங்கற்களாக அறுத்தார்கள். சுமார் 65 மீட்டர் உயரத்தில், ஆற்றைவிட்டு ஏறத்தாழ 200 மீட்டர் பின்னால் மறுபடி அடுக்கினார்கள். மலைக்குப் பதிலாகக் கான்கிரீட் கூரை வளைந்தது. ஆண்டுக்கு இருமுறை சூரிய ஒளி கருவறைவரை செல்லும் அமைப்பும் காப்பாற்றப்பட்டது. ஃபிலே கோயில்கள் அருகிலிருந்த அகில்கியா தீவுக்கு மாறி 1980இல் திறக்கப்பட்டன. மொத்தம் 22 நினைவிடங்கள் இடம்பெயர்ந்தன. உதவிய நாடுகளுக்குச் சில சிறு கோயில்களை எகிப்து பரிசளித்தது. டெபோட் கோயில் இன்று மாட்ரிட்டிலும் டெண்டூர் கோயில் நியூயார்க்கிலும் இருப்பது அப்படித்தான்.

நாகார்ஜுனகொண்டாவுக்கு அத்தகைய உலக அழைப்பு எழவில்லை. 1926இல் கண்டறியப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் லாங்ஹர்ஸ்ட் 1927 முதல் 1931 வரையிலும், தமிழ்நாட்டுத் தொல்லியலாளர் டி.என். ராமச்சந்திரன் 1938இலும் அகழ்ந்திருந்தார்கள். அணை உறுதியானதும் 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை பள்ளத்தாக்கு முழுவதையும் முறையாகத் தோண்டியது. பழைய கற்காலக் கருவிகளிலிருந்து இடைக்காலக் கோட்டைவரை அடுக்கடுக்காக வெளிவந்தன. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகரான விஜயபுரி, அதன் பௌத்த விகாரங்கள், ஹாரிதி கோயில், கார்த்திகேயர் கோயில், படிக்கட்டு அரங்கம், ஆற்றுப் படித்துறை என ஒரு நகரமே உருப்பெற்றது. முதன்மையான சில கட்டடங்கள், தீவாக மாறிய மலையுச்சியிலும் கரையில் அனுப்பு என்னும் இடத்திலும் மீண்டும் கட்டப்பட்டன. மற்றவை அளவெடுத்துப் பதியப்பட்டு நீருக்குள் விடப்பட்டன. 1966இல் தீவில் அருங்காட்சியகம் திறந்தது. இன்றும் படகில்தான் போகவேண்டும்.

நூபியாவின் மீட்பு கண்ணுக்குத் தெரிவது. நின்ற கோயிலை வேறிடத்தில் மறுபடி நிற்கவைத்தது. நாகார்ஜுனகொண்டாவின் மீட்பு பெரும்பாலும் ஏட்டில் இருப்பது. செங்கல் அடித்தளங்களையும் சிதைந்த தூண்களையும் வரைபடமாக்கியது. சுற்றுலாப் பயணிக்கு முதலாவது வியப்பு. வரலாற்று மாணவருக்கு இரண்டாவதன் மதிப்பு சற்றும் குறைந்ததல்ல.

அறிவு சந்தித்த இடம்

இந்த இரு மீட்புகளும் ஓரிடத்தில் நேரடியாகக் கைகோத்தன. 1961-62இல் தொல்லியலாளர் பி.பி. லால் தலைமையில் இந்தியக் குழு ஒன்று நூபியாவின் அஃபியே, தூமாஸ் ஆகிய இடங்களில் அகழ்ந்தது. தன் பள்ளத்தாக்கை நீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நாடு, அதே நேரத்தில் இன்னொரு நாட்டின் பள்ளத்தாக்கைக் காக்கப் போயிருக்கிறது. நூபியாவின் ‘சி-குழு’ மக்களின் கல்வட்டப் புதைகுழிகளிலும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களிலும் தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்களின் சாயலை லால் கண்டார். சி-குழுவின் காலம் கி.மு. 2300-1500 அளவில்; நம் பெருங்கற்காலச் சின்னங்கள் பெரும்பாலும் அதற்கு நெடுங்காலம் பிந்தியவை. ஆகவே சாயலை உறவாக்கிவிடக் கூடாது. ஆயினும் நம் தாழிகளோடும் கல்வட்டங்களோடும் நைல் கரையை வைத்துக் கேள்வி கேட்க முடிந்ததே அந்த அகழ்வின் பயன்.

நாகார்ஜுனகொண்டாவில் போதிஸ்ரீ என்ற பெண் உபாசிகையின் கொடையைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. இலங்கைத் தேரர்கள் பௌத்தத்தைக் கொண்டுசென்ற நாடுகளாக அது காஷ்மீரம், காந்தாரம், சீனம் என வரிசையாகச் சொல்கிறது. மும்பை அமைந்துள்ள கொங்கணத்தின் பழம்பெயரான அபராந்தமும் அதில் வருகிறது. சிதைந்த எழுத்துகளுக்கிடையே அறிஞர்கள் ‘தமிள’ என்று படிக்கும் தமிழகமும் வருகிறது. மும்பைத் தமிழருக்கு இதைவிட நெருங்கிய கல்வெட்டு வேறு எது? அபு சிம்பல் படத்தை அடையாளம் காணும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வெட்டின் பெயர்கூடத் தெரியாதது நம் குறை.

குடியிருந்தவர்கள்

எகிப்தில் சுமார் 50,000 நூபியர்கள் 1963-64இல் கோம் ஓம்போவுக்கு மாற்றப்பட்டார்கள். சூடான் பக்கத்தில் வாடி ஹல்ஃபாவைச் சுற்றியிருந்த ஏறத்தாழ அதே அளவு மக்கள் தொலைவிலுள்ள கஷ்ம் எல்-கிர்பாவுக்குப் போனார்கள். ஆற்றங்கரைப் பேரீச்சைக்கும் வண்ணம் தீட்டிய மண்வீடுகளுக்கும் பதிலாக, ஆற்றைவிட்டு விலகிய நிலத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் கிடைத்தன. நூபிய இசைக்கலைஞர் ஹம்ஸா எல் தின் ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைச் சேகரித்தார். 1997இல் அசுவானில் நூபிய அருங்காட்சியகம் திறந்தது. எகிப்தின் 2014ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 236ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் நூபியர்களை அவர்களின் சொந்தப் பகுதிகளுக்குத் திரும்பச் சேர்ப்பதாக எழுதியது. அந்தக் கெடு கடந்துவிட்டது. வாக்கு இன்னும் எழுத்திலேயே இருக்கிறது.

நாகார்ஜுனகொண்டாவில் புல்லாரெட்டிகூடம் போன்ற ஊர்களும் லம்பாடிக் குடியிருப்புகளும் இருந்தன. இக்ஷ்வாகு அரசிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்த ஊர்களிலிருந்து எழுந்து போனவர்களை நினைவுகூரும் பொது அடையாளம் அரிது. தமிழகமும் விலக்கல்ல. 1934இல் நிறைவடைந்த மேட்டூர் அணையில் நீர் வற்றும்போதெல்லாம் பண்ணவாடி நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. திரண்டுபோய்ப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். அந்த ஊரார் எங்கே போனார்கள் என்று கேட்பவர் சிலரே.

ஒப்பீடு சொல்வது

கல்லைக் காத்ததில் எகிப்து முந்தி நிற்கிறது. அந்த முயற்சியின் அனுபவத்திலிருந்தே 1972இல் உலக மரபு உடன்படிக்கை உருவானது. அதன் கீழ்தான் நூபிய நினைவிடங்கள் 1979இலும், எங்கள் கரைக்கு எதிரேயுள்ள எலிபெண்டா குகைகள் 1987இலும் பட்டியலேறின. ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வை அடிமுதல் நுனிவரை தன் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக்கொண்டு ஆராய்ந்து பதிந்ததில் இந்தியா தலைநிமிரலாம். அந்தப் பழக்கம் தொடரவும் செய்தது: ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடலி சங்கமேசுவரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூரில் எழுப்பினார்கள்.

மக்களைக் காத்ததில் இரு நாடுகளும் தோற்றன. கோயிலைப் பெயர்க்கப் பொறியாளரும் வரைபடமும் பல ஆண்டுக் கால அவகாசமும் கிடைத்தன. குடும்பங்களைப் பெயர்க்க ஓர் அரசாணை போதுமென்று நினைத்தார்கள். நாளை எந்த ஆற்றின் குறுக்கே அணை எழுந்தாலும், கல்வெட்டைப் படியெடுக்கும் அதே அக்கறையோடு அங்குள்ளவர்களின் பெயர், வீட்டமைப்பு, வழிபாடு, பாட்டு, பேச்சு எல்லாம் பதியப்பட வேண்டும்; ஊராரின் ஒப்புதல் பெறப்பட வேண்டும்; நிலமும் ஆற்று உறவும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதைத் திட்டச் செலவின் முதல் வரியில் எழுதச் சட்டம் வேண்டும். வளர்ச்சியின் பலனை உண்டு வாழும் எங்களைப் போன்றவர்களே அதை முதலில் கேட்கக் கடன்பட்டவர்கள்.