ஷாமியான் தீவில் சில நாட்கள்

தத்துக் குழந்தையின் சரித்திரம் இரண்டு கரைகளில்தான் எழுதப்படுகிறது. பெற்றவள் விட்டுப்போன கரை ஒன்று. வளர்த்தவர்கள் வீட்டில் இறக்கிவிட்ட கரை மற்றொன்று. முன்னதில் கண்ணீர், பின்னதில் கொண்டாட்டம். குழந்தை கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஊர் திரும்ப அனுமதி வரவில்லை என்றிருக்கும் நடுவிலுள்ள சில நாட்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. உறவு தொடங்குவதும், முந்தைய வாழ்க்கை கடைசியாக ஒருமுறை தென்பட்டு மறைவதும் அந்த நாட்களில்தான் என்பது என் கட்சி.

இதற்கு வாகான இடம் தென்சீனத்தில், பழைய கான்டனாகிய குவாங்ஜோ நகரின் ஷாமியான் தீவு. முத்து ஆற்றின் ஒரு மணல்திட்டு அது. இரண்டாம் அபினி யுத்தத்தில் கையோங்கிய பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1859 முதல் அதை மேடாக்கி, கால்வாய் வெட்டி நகரத்திலிருந்து பிரித்து, 1861இல் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1925 ஜூன் 23 அன்று எதிர்க்கரையில் ஊர்வலம் போன சீனர்கள்மீது தீவிலிருந்த துருப்புகள் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்நியன் உள்ளே, சீனன் வெளியே என்ற ஏற்பாட்டுக்காகவே உண்டாக்கப்பட்ட நிலம். 1983இல் அதே தீவில், ஹாங்காங் தொழிலதிபர் ஹென்றி ஃபோக்கின் முதலீட்டில் வெள்ளை அன்னம் ஓட்டல் திறக்கப்பட்டது. அதன் கூடத்துக்குள்ளேயே ஒரு செயற்கை அருவி. வெளிநாடு போய்த் திரும்பும் சீனர்களை மனத்தில் வைத்து அதற்கு ‘சொந்த ஊர்த் தண்ணீர்’ என்று பெயரிட்டார்கள். தொண்ணூறுகளில் அந்த அருவியைக் கடந்து வெளியே போன சீனக் குழந்தைகள் பல்லாயிரம்.

அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் இரண்டு சட்டங்கள். 1980 வாக்கில் கெடுபிடியாக அமலுக்கு வந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கை ஒன்று. 1992இல் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம் மற்றொன்று. அன்னியர் தத்தெடுக்க வழிசெய்த அதே சட்டம், உள்நாட்டில் தத்தெடுப்பவர் பிள்ளையில்லாதவராகவும் முப்பத்தைந்து வயது நிரம்பியவராகவும் இருக்கவேண்டும் என்றது. (1999இல் வயது முப்பதாகக் குறைந்தது.) சீனனுக்குப் பெண் குழந்தை வேண்டாம், அமெரிக்கனுக்கு வேண்டும் என்ற சௌகரியமான கதையை கே ஆன் ஜான்சனின் ஆய்வு உடைத்துப்போட்டது. கிராமங்களில் பெண் குழந்தையை எடுத்து வளர்க்க ஆளிருந்தார்கள். சட்டம்தான் குறுக்கே நின்றது என்று அவர் காட்டினார்.

நடைமுறை இப்படி. சாங்ஷா, நான்சாங் போன்ற மாகாணத் தலைநகரில் ஓர் அலுவலகத்திலோ ஓட்டல் அறையிலோ குழந்தை கைமாறும். தத்துப் பத்திரம், சீனப் பாஸ்போர்ட் எல்லாம் தயாராக ஒரு வாரம். பிறகு அமெரிக்கர்கள் அனைவரும் குவாங்ஜோவுக்கு வந்தாக வேண்டும். தத்துக் குழந்தைகளுக்கான விசா அங்கே மட்டும்தான். தொண்ணூறுகளில் அமெரிக்கத் துணைத்தூதரகம் ஓட்டலுக்கு அடுத்தாற்போல் இருந்தது. வைத்தியப் பரிசோதனை, நேர்காணல், கையுயர்த்தி ஓர் உறுதிமொழி, காத்திருப்பு. குழந்தையைக் கொண்டுவரும் பறவை நாரை என்பது வெள்ளைக்காரர்களின் பாட்டிக் கதை. ஆகவே வெள்ளை அன்னத்தை ‘வெள்ளை நாரை’ என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். தீவின் கடைக்காரர்கள் தள்ளுவண்டிகளை இரவல் கொடுத்து வாடிக்கை பிடித்தார்கள். சீனக் குழந்தையை ஏந்திய பொன்முடிப் பார்பி பொம்மையை ஓட்டலில் இனாமாகக் கொடுத்தார்கள். குழந்தைகளைச் சிவப்பு சோபாவில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படங்களில் தெரியாதது அறைக்குள் நடந்தது. அங்கே தங்கியவர்களின் குறிப்புகளை வாசித்தால், சந்தோஷத்தைவிடத் திகைப்பே மிகுதி என்று தெரியும். குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது. இருவரில் ஒருவரைப் பற்றிக்கொண்டு மற்றவரைக் கிட்டே சேர்ப்பதில்லை. இன்னொரு குழந்தை அழுவதே இல்லை; அது இன்னும் பயமாக இருக்கிறது. இதமான சூட்டில் பால் கொடுத்தால் தள்ளிவிடுகிறது; கொதிக்கக் கொதிக்க, ரப்பரில் பெரிய துளை போட்டுக் கொடுத்தால் குடிக்கிறது. மெத்தையில் படுக்க மறுக்கிறது. எதற்கும் மசியாத குழந்தை ஓட்டலின் காலை உணவில் அரிசிக் கஞ்சியைக் கண்டதும் வாய் திறக்கிறது. அந்தக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஞ்சி’ என்ற சொல் நம் தமிழிலிருந்து போனது. கீழைக் கடற்கரைகளில் வியாபாரம் செய்தவர்கள் வாயில் ஏறி அது கான்டன் வரை போயிருக்கிறது. சீனத் தாதி என்ன பெயர் சொல்லி ஊட்டினாள் என்று அறியாத அமெரிக்கத் தாய், தன்னுடையதுமல்லாத, குழந்தையுடையதுமல்லாத ஒரு சொல்லைக்கொண்டு அதன் முதல் பசியை ஆற்றினாள்.

இந்த விவரங்களை வளர்ப்புச் சிரமங்களாகவே எல்லாரும் படிக்கிறார்கள். நான் இவற்றைச் சாட்சியமாகப் படிக்கச் சொல்கிறேன். குழந்தையின் முந்தைய வாழ்வு பற்றிய காகிதங்களை எவ்வளவு நம்பலாம்? கண்டெடுத்த இடம் என்று ஒரு சந்தை வாசல் அல்லது போலீஸ் நிலைய வாசல். பிறந்த தேதி பெரும்பாலும் உத்தேசம். பல இல்லங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே குடும்பப் பெயர். வங்கிக் கவுன்டரில் உட்காருபவன் என்பதால் மற்றொரு விவரமும் எனக்கு உறைத்தது. இல்லத்துக்கான நன்கொடை ஏறக்குறைய 3,000 டாலர். அதை மடிப்பு விழாத புது நோட்டுகளாகக் கொண்டுவரச் சொன்னார்கள். நோட்டில் கசங்கலைப் பொறுக்காத ஏற்பாடு, குழந்தை வந்த வழியை அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. ஹூனான் மாகாணத்து ஹெங்யாங்கில் தரகர்களிடம் இல்லங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது 2005இல் வெளிவந்தது. அமெரிக்கா போன சீனக் குழந்தைகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதும் அதே வருஷம்தான்: சுமார் 7,900.

காகிதம் பொய் சொல்லலாம். கொதிக்கும் பாலைக் கேட்ட நாக்கு பொய் சொல்லாது. யாரோ ஒருத்தி தினமும் அப்படிக் கொடுத்தாள். அழுத குழந்தை யாரையோ தேடி அழுதது. அப்படியென்றால் தேடத் தகுந்த ஒருத்தி இருந்தாள். ‘கைவிடப்பட்டவள்’ என்று பதிவேடு சொல்லும் இடத்தில், பிரிக்கப்பட்டவள் என்று குழந்தையின் உடம்பு சொல்கிறது. அழுகை நின்றதை ஒட்டுதலின் ஆரம்பமாகக் கொண்டாடியவர்கள், அங்கே ஒரு நினைவு முடிந்ததையும் சேர்த்துக் குறித்திருக்க வேண்டும். புது உறவுக்கு அதனால் இழுக்கில்லை. ஒருத்தியைத் தேடத் தெரிந்த குழந்தைக்குத்தான் இன்னொருத்தியை நம்பவும் தெரியும்.

2001 பிப்ரவரி 27 முதல், அமெரிக்க மண்ணில் இறங்கியதுமே இப்படிப்பட்ட குழந்தைக்குக் குடியுரிமை என்று சட்டம் வந்தது. 2013இல் துணைத்தூதரகம் நகரின் வேறு பகுதிக்குப் போயிற்று. 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் எடுக்கும் குழந்தைகள் நீங்கலாக, வெளிநாட்டுத் தத்தையே சீனம் நிறுத்திவிட்டது. அதற்குள் போனவர்கள் உலகெங்கும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர்வரை. அவர்களில் மூத்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். பெற்றவர்களைத் தேடி மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு அந்தப் பதில் வராமல் போகலாம். அவர்கள் வளர்த்தவர்களிடம் கேட்டுப்பெற வேண்டியது அந்த ஓட்டல் நாட்களின் குறிப்புகளை. எத்தனை மணிக்குத் தூங்கினாள், எதை உண்டாள், எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள் என்று அரைத்தூக்கத்தில் கிறுக்கிய வரிகள். எழுதியவர்களுக்கு அவை புதுவாழ்வின் முதல் பக்கமாகத் தோன்றியிருக்கும். குழந்தைக்கு, தான் அறியாத ஒரு வீட்டிலிருந்து மிஞ்சிய கடைசிப் பக்கம் அது.