புல்லின் விதை சோறான கதை

வீட்டு முன்றிலில் புல்தரை அமைக்க விரும்புவோர் மண்ணைக் கொத்திச் சமன்செய்து, புல் விதையைத் தூவி, நீர் தெளித்துக் காத்திருக்கின்றனர். சில நாட்களில் பசுமை தலைகாட்டுகிறது. இது அண்மைக் கால நாகரிகம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் புல் விதையைத் தூவிப் பயிராக்கும் கலை பல்லாயிரம் ஆண்டுகள் பழமை வாய்ந்தது. பசி தீர்க்கப் பிறந்த அக்கலையின் வரலாற்றை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இன்றும் காணலாம்.

சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகிய அனைத்தும் புற்களே. நெல்லும் கரும்பும் மூங்கிலுங்கூட இக்குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

காட்டுப் புல் வயலுக்கு வந்தது

காட்டுப் புல் தன் விதையைக் கதிரில் நெடுநாள் வைத்திருப்பதில்லை, முற்றியதும் உதிர்த்துவிடும். இது புல்லுக்கு நன்மை. உண்ண நினைப்பவருக்கோ பெருந்தொல்லை. பாலை நிலத்து எயினர் குலப் பெண்கள் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேகரித்து, குற்றிச் சமைக்கும் காட்சி பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது.

இயற்கையில் எப்போதோ தோன்றும் மாறுதலால், சில செடிகள் விதையை உதிர்க்காமல் கதிரிலேயே தாங்கி நின்றன. மனிதன் கையில் அவையே மிகுதியாகச் சிக்கின. மறு ஆண்டு அவையே விதையாயின. காட்டு விதைகள் பல நாள் உறங்கி வெவ்வேறு காலத்தில் முளைப்பவை. விதைத்து அறுக்கத் தொடங்கியபின் ஒருசேர முளைப்பவையே நிலைத்தன. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வே புல்லைப் பயிராக்கியது.

சாமை இந்திய மண்ணில் பயிரானது. குசராத்தில் ரோஜ்டி என்னும் அரப்பா நாகரிக ஊரின் அகழாய்வில் அதன் மணிகள் கிடைத்துள்ளன. தினை சீனாவிலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலும் பயிராகி இங்கு வந்தவை. இம்மூன்றும் கொல்லிமலையில் ஒன்றுகூடின.

மலையின் விதைச் செல்வம்

ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை என்று அவர்கள் காத்துவந்த வகைகள் பல. மண்ணுக்கும் மழைக்கும் அறுவடைக் காலத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் பயன்பட்டது.

ஆயிரம் சாமை விதைகளின் எடை இரண்டு மூன்று கிராம் மட்டுமே. அவ்வளவு சிறிய விதையில் சேமித்த உணவும் சிறிதே. ஆழத்தில் விழுந்தால் முளை மேலே வருமுன் உணவு தீர்ந்துவிடும். ஆகவே மேலாகத் தூவி மண்ணால் மெல்ல மூட வேண்டும். எக்டேருக்கு 10 முதல் 12½ கிலோ போதும். புல்தரை அமைப்பவரும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறார்.

போரும் கிழங்கும்

இரண்டாம் உலகப் போரில் சப்பான் மலேயாவையும் சாவாவையும் கைப்பற்றியதால், அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. அக்காலத்தில் சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் முளைத்து வளர்ந்தது. தொழிற்கூடங்கள் கிழங்கைத் தேட, நாளடைவில் கொல்லிமலைச் சரிவுகளிலும் மரவள்ளி ஏறியது. கிழங்கு கையில் பணம் தந்தது. நியாயவிலைக் கடை அரிசி தந்தது. சாமை நிலம் சுருங்கியது.

இதற்காக மலைமக்களைக் குறைகூற முடியுமா? சாமையையும் தினையையும் கெட்டியான உமி மூடியிருக்கிறது. அதை நீக்கப் பெண்கள் உரலில் நெடுநேரம் குற்ற வேண்டியிருந்தது. கேழ்வரகுக்கு அத்தகைய உமி இல்லை, நேரே திரிக்கலாம். ஒரு தானியத்தின் வாழ்வை வயல் மட்டுமன்று, உரலும் முடிவு செய்தது.

1988-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இம்மலையில் பணியாற்ற வந்தது. ஊர்தோறும் விதை வங்கிகளுக்கு உதவியதுடன், உமி நீக்கும் சிறு பொறிகளையும் அது கொண்டுவந்தது. பெண்களின் தோள்வலி குறைந்தபோது சாமைச் சோற்றுக்கு மீண்டும் வழி பிறந்தது. பின்னர் 2018-ஐ இந்தியாவும், 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவையும் சிறுதானிய ஆண்டாக அறிவித்தன.

எனினும் கவலை தீரவில்லை. சாதாரணச் சேமிப்பில் சில ஆண்டுகள் கிடந்தாலே விதையின் முளைப்புத்திறன் குன்றிவிடும். குளிர் அறைகளில் விதையை நெடுநாள் உயிரோடு வைக்கலாம். ஆனால் அங்கு அது மாறிவரும் மழையையும் வெயிலையும் சந்திப்பதில்லை. அவற்றுக்கேற்பத் தேர்வு பெறுவதுமில்லை. அந்த வேலை வயலில்தான் நடக்கும்.

காய்ந்துபோன புல்தரைக்குக் கடையில் வேறு விதை வாங்கலாம். விதைப்பாரின்றி மறைந்த சாமை வகையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆண்டுதோறும் ஒரு கைப்பிடி மண்ணில் விழுந்தால்தான் அதன் வரலாறு தொடரும்.