இயற்கைவழி நெறிமுறைகளால் தரவுப் பிறழ்வு காணல்

தரவுப் பிறழ்வு காணல் என்பது வழமையான போக்கிலிருந்து விலகும் தரவுகளை இனங்காணும் கணினியியற் பிரிவாகும். எடுத்துக்காட்டாக, இலங்கையின் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுவுடைய 30 காற்றாலைகள் உள்ளன. இத்தகைய காற்றாலைக்கு இன்ன காற்று வேகத்தில் இன்ன அளவு மின்சாரம் என்று காட்டும் வளைகோடு உண்டாதலால், காற்று பலமாக வீசியும் மின்னளவு அக்கோட்டுக்குக் கீழே தங்கிவிடுமாயின், அது இறக்கையிலோ உணரியிலோ பழுது நேர்ந்ததன் அறிகுறியாகலாம். வரக்கூடிய பழுதுகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட இயலாது. வழமை எது என்பது மட்டுமே கைவசம் இருக்கும். இதே இக்கட்டை முன்பின் அறியாத கிருமிகளை எதிர்கொள்ளும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி சமாளித்துவருவதைக் கணினி அறிஞர்கள் கருத்திற் கொண்டமையே இயற்கையைப் பின்பற்றிப் பிறழ்வு காணும் துறையின் தோற்றுவாய் ஆகும்.

நிர்ப்பீடனத்தையும் இயந்திரக் கற்றலையும் ஒப்புநோக்கி ஃபார்மர், பக்கார்ட், பெரெல்சன் ஆகியோர் 1986இல் கட்டுரை வெளியிட்டனர். தைமசுச் சுரப்பியில் முதிரும் ரீ கலங்களுள் உடலின் சொந்தப் புரதங்களோடு இறுகப் பிணைபவை அங்கேயே அழிய, எஞ்சியவை மட்டும் உடலெங்கும் சென்று காவல் புரிகின்றன. இதனைப் பின்பற்றி, நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெபனி ஃபாரஸ்ட் குழுவினர் 1994இல் எதிர்மறைத் தேர்வு என்னும் நெறிமுறையை, அதாவது கணினி படிப்படியாகப் பின்பற்றும் செயல்முறையை, வகுத்தனர். எழுமாறாக ஆக்கிய குறித்தொடர்களில் வழமையான தரவோடு பொருந்துபவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றைக் கண்டறிவான்களாக வைத்துக்கொண்டால், பின்னர் அவற்றுள் ஒன்றோடு பொருந்தும் எதுவும் அந்நியமானதெனக் கொள்ளப்படும். நோயை அறியாமலே நோயைக் காணும் இவ்வழியே இத்துறையின் மிகச் சிறந்த கருத்து எனலாம். ஆயினும் தரவின் பரிமாணங்கள் கூடக்கூடக் கண்டறிவான்களின் தேவை கட்டுக்கடங்காது பெருகுவதை 2001இல் கிம், பென்ட்லி ஆகியோர் வலையமைப்புத் தரவைக்கொண்டு காட்டினர். அந்நியம் என்பதாலேயே ஒன்று ஆபத்தாகிவிடாது என்ற பொலி மாட்சிங்கரின் நிர்ப்பீடனவியற் கொள்கையைத் தழுவி, 2005இல் ஜூலி கிரீன்ஸ்மித், ஊவ அயிக்கலின் முதலியோர் டென்ட்ரிட்டிக் என்னும் நிர்ப்பீடனக் கலத்தைப் பின்பற்றும் நெறிமுறையை முன்வைத்தனர்.

எறும்புக் கூட்டம் (டொரிகோ, 1992), துகள் திரள் (கென்னடி, எபர்ஹார்ட், 1995) ஆகியவற்றின் வழி வந்த நெறிமுறைகள் பெரும்பாலும் தாமே பிறழ்வைக் காண்பனவல்ல. எந்த அளவீடுகளைக் கவனிப்பது, எல்லையை எங்கே வைப்பது என்பவற்றைத் தேடிக்கொடுப்பன. இத்தேடலில் துகள்கள் அரைகுறையான தீர்விலேயே சிக்கிக்கொள்ளும் குறையைக் களைய, ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பரிமாணத்திலும் வெவ்வேறு துகள்களிடம் கற்கும் முறையொன்றை 2006இல் நால்வர் வெளியிட்டனர். அவர்களுள் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் பி. என். சுகந்தனும் மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் எஸ். பாஸ்கரும் அடங்குவர்.

அதன்பின் வௌவால், ஓநாய், திமிங்கிலம் என உயிரினப் பெயர்கள் பெருகின. பெயர் புதிதாயினும் கணிதம் பழையதே என்று 2015இல் கென்னத் சோரென்சன் எழுப்பிய கண்டனம் நியாயமானது. 2008இல் லியு, டிங், சோவ் ஆகியோர் அறிமுகப்படுத்திய தனிமைப்படுத்தும் காடு போன்ற எளிய முறைகளோடு ஒரே தரவில் வைத்துச் சோதிக்கப்படாத எந்தப் புது நெறிமுறையின் உரிமைகோரலையும் ஏற்பதற்கில்லை.