கை சொல்லும் பாதி

கண்ணாடிக்கு முன் நின்று, குரலை எழுப்பாமல் 'பட்டை' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'மட்டை' என்று சொல்லுங்கள். இரண்டு தடவையும் உதடுகள் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. நமக்கு இது வேடிக்கை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கோ, தாய் பேசுகிற பேச்சில் பெரும்பகுதி இப்படித்தான் தொலைந்துபோகிறது.

1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, இந்தக் குழந்தைகளுக்குச் சைகை கூடாது, வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்டது! பல தேசத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் அடங்கின. ஆனால் உதட்டை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களில் பலருக்குப் புத்தகம் எட்டாக்கனியாகவே இருந்தது.

1965-ல் வாஷிங்டனில் கேலடெட் கல்லூரிக்கு உபதலைவராக வந்த ஆரின் கார்னெட்டை இந்த விஷயந்தான் உறுத்தியது. அவர் பௌதிகம் படித்தவர். காது கேளாதவர்கள் புத்தகப் புழுக்களாக அல்லவா இருப்பார்கள் என்று எண்ணி வந்தவர். கேட்கிற குழந்தை பேச்சை அறிந்த பிறகே எழுத்துக்கு வருகிறது. இந்தக் குழந்தையோ பாஷையையே காகிதத்தில்தான் முதலில் சந்திக்கிறது. கோளாறு அங்கே இருப்பதாக அவருக்குப் பட்டது.

1966-ல் அவர் கண்ட உபாயம் எளியது. மெய்யொலிகளுக்கு எட்டுக் கை வடிவங்கள். உயிரொலிகளுக்கு முகத்தருகே நான்கு இடங்கள்: வாய், மோவாய், தொண்டை, பக்கவாட்டு. ஆங்கிலத்தில் 'ப' என்பதற்கு ஆள்காட்டி விரல் மட்டும். அதையே அழுத்திச் சொல்லும் 'ப'வுக்குக் கட்டைவிரல் மடங்கிய நாலு விரல். 'ம'வுக்கு விரிந்த ஐந்து விரல். கை தனியே எதுவும் சொல்லாது. உதடு பாதி, கை பாதி. ஆகவே இது சைகை மொழி அல்ல. தாய் பேசுகிற பேச்சேதான், கண்ணுக்குத் தெரியும்படி. கொஞ்சலும் வசவும்கூடக் குழந்தைக்குப் போய்ச் சேரும். என்ன, பேசும்போதெல்லாம் ஒரு கை ஒழிவாக இருக்கவேண்டும். இடுப்பில் குழந்தையும் கையில் கரண்டியுமாக நிற்பவளுக்கு அது லேசான காரியமா?

காது கேளாத பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. மிலானின் பழைய வாசனை அடிக்கிறது என்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அதே கல்லூரியில் வில்லியம் ஸ்டோக்கோ, சைகையும் இலக்கணமுள்ள முழு மொழியே என்று 1960-லேயே எழுதிக் காட்டியிருந்தார். ஆனாலும் நான் கார்னெட்டை வில்லனாக்க மாட்டேன். இத்தகைய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. புதியதொரு மொழியில் தாய் தேர்ச்சி பெறுவதற்குள் குழந்தைக்கு வயது ஓடிவிடுகிறது. இந்த விரல் கணக்கைச் சில நாளில் கற்றுவிடலாம். சரளம் வரத்தான் மாதங்கள் ஆகும். குழந்தைக்கு இரண்டையும் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கார்னெட் 2002-ல் காலமானார். முறை ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. பெல்ஜியத்தில் ஷார்லியே, லேபார்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படங்களைக் காட்டி, எவற்றின் பெயர்கள் ஒரே ஓசையில் முடிகின்றன என்று கேட்டார்கள். சிறு வயதிலிருந்தே வீட்டில் இந்த முறையில் பேசி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், காது கேளாதவர்கள், கேட்கும் பிள்ளைகளைப் போலவே எதுகை பார்த்துச் சொன்னார்கள்.