புதுச்சேரி முற்றுகையும் ஆனந்தரங்கப் பிள்ளையவர்களும்

புதுச்சேரி என்றவுடன் துய்ப்ளேயின் புகழைப் பேசுவாரே மிகுதி. அந்நகரம் பசியினால் வீழ்ந்த வரலாற்றை நம்மவர் இல்லங்களில் எடுத்துரைப்பார் அரியர். யாதவ குலத் தோன்றலாகிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் இறுதிக் காலத்தோடு பிணைந்த செய்தியாகலின், அதனை ஈண்டு வரையத் துணிந்தோம்.

1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தொழித்தார். அவ்வாண்டின் இறுதியில் சென்னைக் கோட்டையை வளைத்தார்; 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே, வளைத்ததை விட்டு மீண்டார். 1760 ஜனவரி 22-ந் தேதி வந்தவாசியில் அயர் கூட் துரையிடம் தோல்வியுற்றபின், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குள் ஒடுங்கலாயினர். கடலை ஆங்கிலர் அடைத்தனர். ஹைதர் அலியின் பட்டாளம் துணைக்கு வந்தும் நிலையாது திரும்பிற்று.

நகரைச் சூழக் கற்றாழையும் முட்செடிகளும் செறிந்ததொரு வேலி இருந்தது. செப்டம்பரில் அவ்வேலி ஆங்கிலர் வசமாயிற்று. அதன்பின் கூட் துரைக்குப் பீரங்கியினும் பட்டினியே பெரும் படைக்கலமாயிற்று என்னலாம்.

நவம்பர் 27-ந் தேதி, உண்ணும் வாய்களைக் குறைக்கக் கருதிய லாலி, நகரில் எஞ்சியிருந்த சுதேச மக்களை வெளியே துரத்தினார். ஆடவர், பெண்டிர், குழந்தைகள் உட்பட ஏறக்குறைய 1,400 பேர். வேலியண்டை சென்றால் ஆங்கிலர் வழிவிடார். மதிலண்டை மீண்டால் பிரெஞ்சுக்காரர் கதவு திறவார். இரண்டிற்கும் இடையே, புல்லின் வேரைத் தோண்டித் தின்று, எட்டு நாள் அலைந்தனர். பின்னரே கூட் துரை மனமிரங்கிப் போக விட்டார். இதனை வரைந்த ராபர்ட் ஆர்ம் தொகையைச் சொன்னாரன்றி ஒருவர் பெயரையும் சொன்னாரில்லை. அவருள் நம் முன்னோர் எத்தனை பேரோ! நாகரிகத்திற் சிறந்தோம் என்று தருக்கிய இரு தேசத்தாரும் செய்த செயல் இது.

1761 ஜனவரி முதல் நாள் வீசிய பெரும்புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரைதட்டின. தெய்வமே துணைவந்தது என்று நகரத்தார் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் அவ்வாய்ப்பைக் கொள்ள பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் வரவில்லை. சின்னாளில் ஆங்கிலர் மீண்டும் துறையை அடைத்தனர். ஜனவரி 16-ந் தேதி கோட்டை கைமாறிற்று.

இந்நகரின் வளர்ச்சியையும் வாணிகத்தையும் அரண்மனைச் சூழ்ச்சிகளையும் 1736 முதல் நாட்குறிப்பாக எழுதிவந்தவர் பிள்ளையவர்கள். துய்ப்ளேயின் காலத்தில், 1747-இல், தலைமைத் துபாஷியாயினார். 1756-இல் அப்பதவி அவரை விட்டு நீங்கிற்று. நோயுற்றிருந்த அவர், கோட்டை வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னரே உயிர் நீத்தார். தாம் கண்ணெதிரே வளரக்கண்ட நகரில் பகைவர் கொடி ஏறியதைக் காணும் துயரம் அவருக்கு வாய்க்கவில்லை.

செயின்ட் டேவிட் கோட்டைக்குப் பழிவாங்குவார் போல, ஆங்கிலர் புதுச்சேரிக் கோட்டையையும் ஐரோப்பியர் மாளிகைகளையும் தகர்த்தனர். 1763-இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி, 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெற்றவை பெரும்பாலும் இடிபாடுகளே. லாலியோ 1766 மே மாதத்தில் பாரிஸ் நகரில் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். பிள்ளையவர்களின் மாளிகை மட்டும், அவர் பெயர் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கின்றது.