ஏழு மில்லிமீட்டர் தகராறு

தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வெடித்திருக்கிறீர்களா? முதல் நாலு கேப் டப் டப்பென்று வெடிக்கும். ஐந்தாவதில் சுருள் உள்ளே மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் துப்பாக்கியைத் திறந்து, நகத்தால் நோண்டி, கடைசியில் கேப்பைத் தரையில் வைத்துக் கல்லால் அடித்து... ஹாலிவுட்டில் கௌபாய் படம் எடுத்த பெரிய மனிதர்களும் ஏறக்குறைய இதே அவஸ்தையைத்தான் பட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் அறிமுகமாகும் காட்சி ரொம்பப் பிரபலம். துப்பாக்கியை ஒரு கையால் ஸ்டைலாகச் சுழற்றிவிட்டு நிற்பார். கதை நடப்பது 1880 வாக்கில். கையில் இருப்பதோ, 1892-ல் பிறந்த வின்செஸ்டர்! இந்தப் படம் மட்டுமல்ல, எத்தனையோ கௌபாய் படங்களில் இந்தக் கூத்து உண்டு. டைரக்டர்களுக்கு சரித்திரம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாடல் மலிவாக, ஏராளமாகக் கிடைத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் துப்பாக்கியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

கதைப்படி அவர்கள் கையில் இருக்க வேண்டியது 1873 மாடல் வின்செஸ்டர். குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடும். அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். கடைசியில் ஒரு பித்தளைக் கட்டி. அதை ஒரு குட்டி லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தோட்டாதான் அதில் ஏறலாம். லீவரைக் கீழே தள்ளினால் லிஃப்ட் நேராக மேலே போகும். திரும்ப இழுத்தால் தோட்டா குழலுக்குள் போய்விடும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை: தோட்டாவின் நீளம் லிஃப்டின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தின் புகழ்பெற்ற .44-40 தோட்டா, முனையிலுள்ள ஈயக் குண்டையும் சேர்த்துச் சுமார் 40 மில்லிமீட்டர். வெறும் பித்தளைக் கூடு மட்டும் என்றால் 33. சினிமாவில் சுடுவது 'ப்ளாங்க்', அதாவது மருந்து உண்டு, குண்டு கிடையாது. ஆக 7 மில்லிமீட்டர் காலி! அந்த இடைவெளியில் பின்னால் நிற்கும் தோட்டா லிஃப்டுக்குள் தலையை நீட்டிவிடும். பாதி உள்ளே, பாதி வெளியே. லிஃப்ட் நகருமா? லீவர் கல் மாதிரி நின்றுவிடும். ஹீரோ எதிரிகளைச் சுட்டுத் தள்ள வேண்டிய நேரத்தில் லீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

ஜான் பிரவுனிங் என்ற மேதை வடிவமைத்த 1892 மாடலில் நேர் லிஃப்ட் கிடையாது. கரண்டி மாதிரி ஒரு பாகம் தோட்டாவைச் சாய்த்துத் தூக்கும். அடுத்த தோட்டாவைத் தனியாக ஒரு தடுப்பு பிடித்துக்கொள்ளும். நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இதோடு 'ஃபைவ் இன் ஒன்' என்று ஒரு ப்ளாங்க் வந்தது. மூன்று அளவு ரிவால்வர், இரண்டு அளவு ரைஃபிள், ஆக ஐந்துக்கும் ஒரே தோட்டா. புரொடக்‌ஷன் மானேஜர்களுக்கு வேறென்ன வேண்டும்? சரித்திரம் தோற்றது, வசதி ஜெயித்தது.

இந்த நேரத்தில் கதை இத்தாலிக்குப் போகிறது. அங்கே கார்தோனே என்ற ஊர் இருக்கும் பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு விழா நெருங்கியபோது, பழைய துப்பாக்கிகளின் நகல்களுக்குக் கிராக்கி வந்தது. 1959-ல் ஆல்டோ உபெர்ட்டி என்பவர் கம்பெனி ஆரம்பித்தார். முதலில் ரிவால்வர், பிற்பாடு வின்செஸ்டர் நகல்கள். திருகாணி வரை அப்படியே அசல். போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் சரித்திரப் பிரியர்களும் சினிமாக்காரர்களும் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் ப்ளாங்க் போடும் வரைதான். நகல் அசலைப் போலவே இருந்ததால், அசலின் பிடிவாதமும் கூடவே வந்துவிட்டது! உள்ளே அதே லிஃப்ட், அதே 7 மில்லிமீட்டர்.

'இதென்ன பிரமாதம், ப்ளாங்க்கின் முனையில் மரத்திலோ மெழுகிலோ பொய்க் குண்டு ஒன்றைச் செருகினால் போச்சு' என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஜெர்மன் ராணுவம் பயிற்சிக்கு இப்படித்தான் செய்தது. உள்ளீடற்ற மரக் குண்டு. வெடித்ததும் சிதறிவிடும். ஆனால் கிட்டத்தில் நிற்பவருக்கு அந்தச் சிராய்களே ஆபத்து. மருந்துக்கு முன்னால் எது இருந்தாலும் அது பாயும். மரமா, ஈயமா என்று மருந்துக்குத் தெரியாது.

1993 மார்ச்சில் இதை உலகமே பார்த்தது. புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 28 வயது. 'தி க்ரோ' படப்பிடிப்பு. குளோஸ்-அப் காட்சிக்காக மருந்தில்லாத, குண்டுள்ள பொம்மைத் தோட்டாக்களை ரிவால்வரில் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் குண்டு கழன்று குழலுக்குள் சிக்கியதை யாரும் கவனிக்கவில்லை. பின்பு அதே ரிவால்வரில் ப்ளாங்க் போட்டுச் சுட்டார்கள். சிக்கியிருந்த குண்டை ப்ளாங்க் வெளியே தள்ளியது. பிராண்டன் பிழைக்கவில்லை.

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பொய்க் குண்டுப் பக்கமே போவதில்லை. இன்னும் நீளமான பித்தளைக் கூடு ஒன்றை எடுத்து, அளவாக வெட்டி, வாயைப் பூ மொட்டு மாதிரி குவித்து மூடிவிடுகிறார்கள். மொத்த நீளம் அசல் தோட்டாவுக்குச் சமம், முன்னால் பறக்க எதுவும் இல்லை. மொட்டு கூராகவும் இருக்கக் கூடாது. குழாய்க்குள் ஒன்றின் மூக்கு அடுத்ததன் பின்புறத்தைத்தான் முட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் வெடிப்பொட்டு இருக்கிறது! மெனக்கெட்ட வேலை. ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தாக வேண்டும்.

2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தபோது வெடித்ததும் ஒரு இத்தாலிய நகல் ரிவால்வர்தான். அது ப்ளாங்க் அல்ல, எப்படியோ செட்டுக்குள் வந்துவிட்ட நிஜத் தோட்டா. அதற்குப் பிறகு, துப்பாக்கியில் எதையுமே போடாமல் புகையையும் நெருப்பையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற குரல் பலமாகிவிட்டது.

அடுத்த முறை கௌபாய் படம் பார்க்கும்போது, ஹீரோவின் முகத்தை விட்டுவிட்டு லீவருக்கு மேலே இருக்கும் இரும்புப் பகுதியைக் கவனியுங்கள். பக்கவாட்டில் தனித் தகடு பொருத்திய கோடு தெரிந்தால் 1873 மாடல். யாரோ ஒருவர் மொட்டு மொட்டாக உட்கார்ந்து அளந்திருக்கிறார் என்று அர்த்தம். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால், பெரும்பாலும் பிரவுனிங்கின் கரண்டிதான்.