நெஞ்சு படபடன்னு அடிக்குதா? வாயுன்னு விட்டுடாதீங்க... அடிக்கும்போதே இ.சி.ஜி. எடுங்க!

வடகரை:

பீடித்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்போதே திடீரென நெஞ்சு படபடவென அடிக்கிறது. "வாயு பிடிச்சிருக்கும், ஒரு சோடா குடி" என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். கால் மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. மறுநாள் வேலையை விட்டுவிட்டு தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் இ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் நார்மல். கடைசியில் "அவளுக்கு பயந்த சுபாவம்" என்று பேர்தான் மிச்சம்.

வடகரை, அச்சன்புதூர் பக்கத்து பெண்கள் இதை கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பது சரியான அளவு. இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்துக்கு பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி இருந்தால், கரண்டு அதிலேயே சுற்றிச்சுற்றி வரும். துடிப்பு 150, 200 என்று எகிறும். சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கி, சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கும். இதில் ஒரு வகை ஆண்களைவிட பெண்களுக்கே அதிகம் வருகிறது. நின்றபிறகு இ.சி.ஜி. எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் மாட்டும்.

மூச்சை அடக்கி முக்கினால்

இந்த வகை படபடப்பை மருந்தில்லாமலும் நிறுத்தலாம். 15 வினாடி மூச்சை அடக்கி முக்க வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை 15 வினாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 100-க்கு 43 பேருக்கு துடிப்பு சீரானது. உட்கார்ந்தபடியே முக்கியவர்களில் 17 பேருக்குத்தான் நின்றது. என்ன வகை என்று டாக்டர் சொன்னபிறகு, அவரிடமே கற்றுக்கொண்டு செய்வது நல்லது. நிற்காவிட்டால் அடினோசின் ஊசி இருக்கிறது. போட்டதும் சில வினாடி நெஞ்சை அழுத்தும், பயப்பட வேண்டாம். அடிக்கடி வந்தால் தொடை வழியாக வயர் விட்டு அந்தக் குறுக்கு வழியையே சுட்டுவிடுகிறார்கள். பலருக்கு அதோடு தொல்லை தீர்ந்துவிடும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அதில் செய்ய முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளலாம்.

தாளமே இல்லாத துடிப்பு

இன்னொரு வகை இதைவிட மோசம். நாடியைப் பிடித்துப் பார்த்தால் தாளம் தப்பித் தப்பி அடிக்கும். இதயத்தின் மேல் அறைகள் துடிக்காமல் நடுங்குவதால், உள்ளே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்கள், பிரஷர், தைராய்டு உள்ளவர்களுக்கு இது வரும். சின்ன வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து, இதய வால்வு சுருங்கியவர்களுக்கும் வரும். நம்மூரில் இளம் பெண்களையும் இது விடுவதில்லை.

இவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருகிறார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் வால்வு சுருங்கியவர்களுக்கு பழைய மாத்திரைதான் கை கொடுக்கிறது. அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் கணேசன் கார்த்திகேயன் பங்கேற்ற குழு, இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தி 2022-ல் வெளியிட்ட முடிவு இது. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

தொந்தரவு என்னவென்றால், அடிக்கடி ரத்தம் பரிசோதிக்க வேண்டும். கீரையை ஒருநாள் கட்டுக்கட்டாக, ஒருநாள் சுத்தமாக இல்லாமல் என்று சாப்பிடக்கூடாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, ரத்தக்கசிவு வந்துவிடும். "நல்லாத்தான இருக்கேன்" என்று பாதியில் நிறுத்தினால் பக்கவாதம் வர வாய்ப்பு அதிகம்.

குற்றாலத்தில் குளிக்கலாமா?

குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டால் துடிப்பு குறைவது உண்மைதான். அதற்காக அருவியை வைத்தியமாக நினைக்க வேண்டாம். தலைசுற்றல் வருகிறவர் வழுக்குப் பாறையில் நிற்பதே ஆபத்து.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் முக்கிப் பார்த்து நேரத்தை கடத்தாமல் உடனே 108-ஐ கூப்பிடுங்கள். மற்றவர்கள் அடிக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், "இப்ப அடிக்குது, உடனே இ.சி.ஜி. எடுங்க" என்று சொல்லுங்கள். அந்தப் பேப்பரை பத்திரப்படுத்துங்கள். நாளானால் கோடு மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காட்டலாம்.